கேட்காமலே சரிபார்க்கக்கூடிய நற்பெயர்: இணையத்தில் அமைப்பதும் சோதிப்பதும்

இணையத்தில் ஒருவரைக் குறித்து "இவரை நம்பலாமா?" என்று கேட்கும்போது நாம் மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். இந்தக் கணக்கை நடத்துபவர் தாம் சொல்லிக்கொள்ளும் ஆள்தானா என்பது முதல் கேள்வி. தாம் செய்ததாகச் சொல்லும் வேலையை அவர்தான் செய்தாரா என்பது இரண்டாவது. நாளை நம்மிடம் நேர்மையாக நடந்துகொள்வாரா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குத் தொழில்நுட்பம் ஓரளவு உறுதியான விடை தரும். இரண்டாவதற்கு ஆவணங்களும் பிறரின் சாட்சியமும் உதவும். மூன்றாவதற்கு முழு விடை எவரிடமும் கிடையாது. பழைய நடத்தையை வைத்து ஊகிக்கத்தான் முடியும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகாதவர்கள்தான், பெயருக்குப் பக்கத்தில் ஒரு நீலக் குறியைக் கண்டதும் மற்ற இரண்டு கேள்விகளையும் மறந்துவிடுகிறார்கள்.

அந்த நீலக் குறிக்கு நேர்ந்ததை இங்கே நினைவுபடுத்துவது பொருத்தம். பிரபலங்களின் பெயரில் போலிக் கணக்குகள் பெருகியதால் ட்விட்டர் 2009இல் அந்தக் குறியைக் கொண்டுவந்தது. 2022 நவம்பரில், மாதக் கட்டணம் செலுத்துவோர் எவருக்கும் அது கிடைக்கும் என்று விதி மாறியது. உடனே எலி லில்லி என்னும் மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ ஒரு கணக்கைத் தொடங்கி, கட்டணம் கட்டிக் குறியையும் பெற்று, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்துவிட்டார்; உண்மையான நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. குறியின் நிறமும் வடிவமும் அப்படியே இருந்தன, அதற்குப் பின்னால் இருந்த சோதனைதான் காணாமல் போயிருந்தது. எந்தச் சான்றைப் பார்த்தாலும், அதை வழங்கியவர் யார், வழங்குமுன் எதைச் சோதித்தார் என்ற இரண்டையும் அறிந்த பிறகே அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

நம்பகமான பெயரை அமைக்க விரும்புவோர் மனத்தில் வைக்க வேண்டிய அளவுகோல் ஒன்றுதான்: முன்பின் அறியாத ஒருவர், உங்களிடம் எதுவும் கேட்காமலே, நீங்கள் சொல்வதைத் தாமே சோதித்துப் பார்த்துக்கொள்ள முடிய வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றை எளிதாக்குவதற்காகத்தான்.

சொந்த முகவரியில் தொடங்குங்கள்

முதல் வேலை, உங்களுக்கென ஒரு டொமைன் பெயரை, அதாவது சொந்த வலைத்தள முகவரியை, பதிவு செய்துகொள்வது. சமூக வலைத்தளக் கணக்கு எதுவானாலும் அது வாடகை வீடுதான். தளத்தின் உரிமையாளர் விதியை மாற்றினால், கணக்கை முடக்கினால், தளத்தையே மூடினால், பல ஆண்டுகளாகச் சேர்த்த பெயர் ஒரே நாளில் முகவரி இல்லாமல் போய்விடும். சொந்த டொமைனில் பெரிய வலைத்தளம் தேவையில்லை. நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், உங்களை எப்படித் தொடர்புகொள்வது, எந்தெந்தத் தளங்களில் எந்தப் பயனர்பெயரில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும் ஒரே ஒரு பக்கம் போதும். பக்கத்தின் அடியில், கடைசியாகத் திருத்திய தேதியையும் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது வேலை, இந்தப் பக்கத்தையும் உங்கள் கணக்குகளையும் இருபுறமும் இணைப்பது. பக்கத்திலிருந்து கணக்குக்கு இணைப்பு கொடுத்தால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது, ஏனெனில் யாரும் யாருடைய கணக்குக்கும் இணைப்பு கொடுக்கலாம். அந்தக் கணக்கிலிருந்தும் பக்கத்துக்கு இணைப்பு திரும்பி வந்தால்தான் இரண்டையும் நடத்துபவர் ஒருவரே என்பது தெளிவாகும். மாஸ்டடான் என்னும் சமூக வலைத்தளம் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது: உங்கள் பக்கத்தில் 'ரெல் மீ' என்ற சிறு குறியீட்டுடன் கணக்குக்கு இணைப்பு வைத்தால், தளம் தானாகச் சென்று பார்த்து, உங்கள் சுயவிவரத்தில் அந்த முகவரியைப் பச்சை நிறத்தில் காட்டும். ப்ளூஸ்கை என்னும் மற்றொரு சமூக வலைத்தளம் இன்னும் ஒரு படி மேலே போய், டொமைன் பெயரையே பயனர்பெயராக வைத்துக்கொள்ள விடுகிறது; அதற்கு டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் (அந்தப் பெயர் எங்கே செல்கிறது என்பதைச் சொல்லும் அமைப்புகளில்) ஒரு வரியைச் சேர்க்கலாம், அதை டொமைனின் உரிமையாளர் மட்டுமே செய்ய முடியும். இவற்றுக்குக் கட்டணம் இல்லை, எவருடைய தயவும் வேண்டியதில்லை. என் கணிப்பில், காசு கொடுத்து வாங்கும் எந்தக் குறியையும்விட இது வலுவான சான்று.

ஓர் எச்சரிக்கை. டொமைனைப் புதுப்பிக்க மறந்தால், காலக்கெடு தாண்டியதும் வேறு எவரும் அதை வாங்கலாம். வாங்கியவர் உங்கள் பக்கத்தின் இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதோடு, அந்த முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களையும் பெறலாம், அவற்றைக் கொண்டு உங்கள் மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றலாம். டாட் காம் பெயர்களை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்துகொள்ளும் வசதி இருப்பதால், முடிந்தவர்கள் நீண்ட காலத்துக்குக் கட்டிவிடுவதே நிம்மதி.

பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பது ஆய்வாளர்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்ததால்தான் 2012இல் ஓர்க்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண் முறை தொடங்கப்பட்டது. கட்டுரை எழுதுவோர் அதை இலவசமாகப் பெற்றுத் தம் படைப்புகளை அதனோடு இணைத்துக்கொள்ளலாம்.

செய்ததற்குத் தடயம் விடுங்கள்

"பத்தாண்டு அனுபவம் உள்ளவர்", "பல நிறுவனங்களுக்கு ஆலோசகர்" என்று சுயவிவரத்தில் எழுதிக்கொள்வதற்கு யாருக்கும் ஒரு நிமிடம் போதும், அதனால்தான் படிப்பவர்கள் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். போலியாகச் செய்யக் கடினமானது எதுவோ அதற்குத்தான் சான்றாகும் தகுதி உண்டு. நீண்ட காலப் பதிவு அப்படிப்பட்டது. ஐந்தாண்டு வரலாற்றை ஐந்தே நாளில் உருவாக்குவது மிகக் கடினம்.

நிரலாளர்கள் கேள்வி கேட்டு விடை பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் மதிப்பெண் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உங்கள் விடைக்குக் கிடைக்கும் ஒவ்வோர் ஆதரவு வாக்குக்கும் 10 புள்ளி, கேள்வி கேட்டவர் அதை ஏற்றுக்கொண்டால் 15 புள்ளி, எதிர் வாக்கு விழுந்தால் 2 புள்ளி குறையும். அந்தக் கூட்டுத்தொகையைவிட முக்கியமானது, அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதை எவரும் விடை விடையாகத் திறந்து படித்துப் பார்க்கலாம் என்பதுதான். உங்கள் துறை எதுவாயினும் இதே வாய்ப்பைப் படிப்பவருக்கு ஏற்படுத்திக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வெளியான பக்கங்களுக்கு இணைப்புத் தரலாம். வடிவமைப்பாளர் இறுதிப் படத்தோடு தொடக்க வரைவையும் காட்டலாம். ஆசிரியர் தம் பாடக் குறிப்புகளைத் தேதியோடு வெளியிடலாம். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்பதை அளந்து சொல்லுங்கள். "நாங்கள்" செய்ததை "நான்" என்று எழுதியவர், அக்குழுவில் இருந்த ஒரே ஒருவர் எதிர்த்துப் பேசினாலும் போதும், மற்ற உண்மைகளையும் சேர்த்து இழந்துவிடுவார்.

நிரலாளர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் ஒரு மாற்றத்தின் ஆசிரியர் பெயராகவும் மின்னஞ்சலாகவும் எதையும் எழுதிக்கொள்ளலாம். மென்பொருள் அதைச் சோதிப்பதில்லை. ஆகவே உங்கள் பெயரில் வேறொருவர் குறைபட்ட நிரலை நுழைக்க முடியும். உங்கள் மாற்றங்களை டிஜிட்டல் கையொப்பத்துடன் பதிவு செய்து, அந்தக் கையொப்பத்தைப் பிறர் சரிபார்க்க உதவும் பொதுத் திறவியை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள உங்கள் கணக்கில் சேர்த்துவிட்டால், அவற்றுக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டது என்ற குறி தோன்றும்.

வெளியான பக்கங்கள் மறைந்துபோவதும் வழக்கமே. உங்கள் கட்டுரையை வெளியிட்ட தளம் நாளை இல்லாமல் போகலாம் என்பதால், வெளியான அன்றே அதன் பிரதி ஒன்றை வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனம் 2001இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இந்தச் சேவையில் எவரும் ஒரு முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம். உங்கள் சொந்தக் கணினியில் உள்ள நகலை நீங்கள் திருத்தியிருக்கலாம் என்று ஐயப்படுபவருக்கு, நீங்கள் கைவைக்க முடியாத இடத்தில் தேதியோடு இருக்கும் நகல் தெளிவான பதிலாக அமையும்.

பிழையை மறைக்காமல் திருத்துவதும் இந்தத் தடயத்தின் ஒரு பகுதியே. தவறான தகவலைச் சத்தமில்லாமல் நீக்கினால், பழைய பக்கத்தின் திரைப்பிரதி யாரிடமாவது இருக்கும், அன்று பிழையோடு ஏமாற்றும் சேர்ந்துகொள்ளும். எது தவறு, எப்போது தெரிந்தது, இப்போது எது சரி என்று மூன்று வரிகளில் மேலே எழுதி, பழைய வாசகத்தின் மீது கோடு போட்டு வையுங்கள். பிழையே இல்லாத பத்தாண்டுப் பதிவைப் பார்த்தால் எனக்கு மதிப்பு வருவதில்லை, ஐயம்தான் வருகிறது.

புனைபெயர் குற்றமில்லை, பொய்த் தகுதி குற்றம்

உண்மைப் பெயரை வெளியிட முடியாத நியாயமான காரணங்கள் பலருக்கு உண்டு. புனைபெயரிலும் உறுதியான நற்பெயரைக் கட்டலாம்; படிப்பவர் எதிர்பார்ப்பது அதே ஆள் தொடர்ந்து பேசுகிறார் என்ற உறுதியைத்தான். ஆனால் புனைபெயரோடு பொய்த் தகுதியும் சேர்ந்தால் எல்லாம் கெடும். விக்கிப்பீடியாவில் எஸ்ஜே என்ற பயனர்பெயரில் பணியாற்றிய ஒருவர், தம்மை இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு, வாதங்களில் அந்தத் தகுதியை எடுத்துக்காட்டியும் வந்தார். 2007இல் அவர் எந்த முனைவர் பட்டமும் பெறாத 24 வயது இளைஞர் என்பது வெளியானபோது பொறுப்புகளிலிருந்து விலக நேர்ந்தது. அவர் உழைப்பு உண்மையானது, ஆயிரக்கணக்கான திருத்தங்களைச் செய்தவர். அந்தப் பட்டத்தைச் சொல்லிக்கொள்ளாமலே இருந்திருந்தால் அவருக்கு எந்தக் குறையும் வந்திருக்காது என்பதுதான் இதில் வருந்தத்தக்க செய்தி.

புனைபெயரை நிரூபிக்கும் வழி தனித் திறவி என்னும் ரகசியக் குறியீடுதான். நீங்கள் மட்டும் வைத்திருக்கும் தனித் திறவியால் ஒரு செய்தியில் கையொப்பமிட்டால், உங்கள் பொதுத் திறவியை வைத்திருக்கும் எவரும் அதைச் சரிபார்க்கலாம், உங்கள் முகமோ ஊரோ தெரியாமலே. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்காயினை உருவாக்கியவர் தாமே என்று கிரெய்க் ரைட் என்னும் கணினி வல்லுநர் 2016இல் கூறினார். பிட்காயினின் தொடக்க காலத் திறவிகளில் ஒன்றைக் கொண்டு ஒரு புதிய செய்தியில் கையொப்பமிட்டிருந்தால் விவாதம் பெருமளவு ஓய்ந்திருக்கும். அவர் முன்வைத்ததோ, 2009ஆம் ஆண்டுப் பரிவர்த்தனை ஒன்றில் ஏற்கெனவே எல்லோரும் காணக்கூடியதாக இருந்த பழைய கையொப்பம். 2024 மார்ச்சில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் அவர் சதோஷி அல்ல என்று தீர்ப்பளித்தது. எனவே கையொப்பத்தைக் கேட்கும்போது, கேட்பவர் அந்த நேரத்தில் சொல்லும் ஒரு வாசகத்தின் மீது கேட்க வேண்டும். ஏற்கெனவே கிடந்த கையொப்பம் எதையும் காட்டாது.

பிறர் சொல்லும் நற்சொல்

தன்னைப் பற்றித் தானே அடிக்கும் தம்பட்டத்தைவிடப் பிறர் சொல்லும் ஒரு சொல்லுக்கு எடை கூடுதல். ஆனால் அந்தப் பிறரும் சரிபார்க்கக்கூடியவராக இருக்க வேண்டும். பரிந்துரை கேட்கும்போது, "என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதுங்கள்" என்று கேட்காதீர்கள். எந்த வேலை, எந்த ஆண்டு, அதில் நீங்கள் செய்தது என்ன, எங்கே தடுமாறினீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "சிறந்த மனிதர், கடும் உழைப்பாளி" என்பதை எவருக்கும் எழுதலாம். "மூன்று வாரம் தாமதமாயிற்று, ஆனால் முதல் வாரத்திலேயே எங்களிடம் சொல்லிவிட்டார்" என்பதை உங்களுடன் வேலை செய்தவர்தான் எழுத முடியும். எழுதியவரின் சொந்தப் பக்கத்துக்கு இணைப்பும் இருக்கட்டும்.

ஒருவரை ஒருவர் மாறிமாறிப் புகழும் ஏற்பாட்டைத் தவிர்த்துவிடுங்கள். ஈபே என்னும் இணையச் சந்தை 1996இல் வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைத் தொடங்கியது. காலப்போக்கில், குறை சொன்னால் பதிலுக்குத் தமக்கும் குறை விழும் என்ற அச்சத்தில் பலர் உண்மையை எழுதத் தயங்கினர். அதனால் 2008இல், விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர முடியாதபடி விதி மாற்றப்பட்டது. ஆகவே இரு தரப்பும் மாறிமாறி மதிப்பிடும் இடத்தில் நூற்றுக்கு நூறு என்று கண்டால் அது நேர்மையைக் காட்டுகிறதா, அச்சத்தைக் காட்டுகிறதா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

பின்தொடர்வோரையும் விருப்பக்குறிகளையும் காசு கொடுத்து வாங்குவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரே ஆள் பல அடையாளங்களை உருவாக்கித் தாக்குவதைக் கணினி ஆய்வாளர் ஜான் டூசர் 2002இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் சிபில் தாக்குதல் என்ற பெயரில் விளக்கினார்; அடையாளங்களைச் சரிபார்த்து வழங்கும் நம்பகமான மையம் ஒன்று இல்லாத இடத்தில் இதை முற்றிலும் தடுப்பது நடைமுறையில் இயலாது என்பது அவர் முடிவு. எண்ணிக்கையை மட்டும் காட்டும் பெயரை விவரமறிந்தவர்கள் ஏன் கண்டுகொள்வதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

கட்டியதைக் காப்பது

திருடப்பட்ட கணக்கு, நற்பெயரோடு சேர்த்துத் திருடப்படுகிறது. 2019 ஆகஸ்டில் ட்விட்டர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் கணக்கே சில நிமிடங்களுக்கு வேறொருவர் கைக்குப் போனது; அவருடைய தொலைபேசி எண்ணைத் தம் வசமாக்கிக்கொண்டவர்கள் அதன் வழியாகப் பதிவுகளை இட்டார்கள். எனவே குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை மட்டும் நம்பாமல், பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் சாதனத்தில் இருக்கும் திறவி) அல்லது அங்கீகாரச் செயலியைப் பயன்படுத்துங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் மீட்பு வழியும் உங்கள் மின்னஞ்சலுக்கே வந்து சேர்வதால், முதலில் அதையும் டொமைன் கணக்கையும் பூட்டுங்கள். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

பிறரைச் சோதிக்கும்போது

இதுவரை சொன்னதைத் தலைகீழாகத் திருப்பினால் சோதிக்கும் முறை கிடைக்கும். முதலில் கணக்கின் வயதையும் பழைய பெயர்களையும் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் பல கணக்குகளுக்கு, தொடங்கிய மாதமும் முன்பிருந்த பயனர்பெயர்களும் அந்தக் கணக்கைப் பற்றிய பகுதியில் கிடைக்கும், ஃபேஸ்புக் பக்கங்களில் பெயர் மாற்ற வரலாறு தெரியும். நேற்றுவரை நகைச்சுவைப் படங்களை வெளியிட்ட பக்கம் இன்று முதலீட்டு ஆலோசனை தருமானால், அது கைமாறிய கணக்காக இருக்கலாம். சுயவிவரப் படத்தைப் படத் தேடலில் இட்டு, வேறு பெயர்களோடு வேறு இடங்களில் இருக்கிறதா என்று காணுங்கள். கல்வித் தகுதியைக் கூறினால், வழங்கிய நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே சென்று தேடுங்கள். அவர் அனுப்பும் இணைப்பு அவருக்குச் சாதகமான இடத்துக்கே கொண்டு செல்லும்.

பணமோ ரகசியமோ சம்பந்தப்பட்டிருந்தால், ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த வேறொரு வழியில் அவரைத் தொடர்புகொண்டு உறுதி செய்யுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசினோம் என்பது இப்போது போதாது. அரூப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவர், 2024 தொடக்கத்தில் வெளிச்சத்துக்கு வந்த மோசடியில், காணொளிக் கூட்டத்தில் தம் மேலதிகாரிகளையே கண்டதாக நம்பி ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். திரையில் தெரிந்தவர்கள் செயற்கையாக உருவாக்கப்பட்ட உருவங்கள்.

எல்லாச் சோதனையிலும் தேறிய பெயரும் ஏமாற்றக்கூடும் என்பதற்கு எக்ஸ்இசட் யூட்டில்ஸ் நிகழ்வைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. பல லினக்ஸ் கணினிகளில் உள்ள இந்தச் சிறு மென்பொருளுக்கு, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 இறுதியிலிருந்து பயனுள்ள திருத்தங்களை அனுப்பி வந்தார். தனியாளாகப் பராமரித்து வந்தவர் சோர்ந்திருந்த நேரத்தில், வேறு சில பெயர்கள் வந்து, புதியவரிடம் பொறுப்பைக் கொடுக்கும்படி நெருக்கின. காலப்போக்கில் அவருக்கு உரிமையும் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில் வெளியாள் கணினிக்குள் நுழைய உதவும் ஒரு ரகசியப் பின்வாசல் ஒளித்து வைக்கப்பட்டது. தொலைவிலிருந்து ஒரு கணினியில் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். ஜியா டானின் பதிவைப் பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த வேலை உண்மையாகவே நடந்தது. ஆனால் அவருக்காகக் குரல் கொடுத்த பெயர்களைச் சோதித்திருந்தால், அவற்றுக்கு வேறெங்கும் வரலாறே இல்லை என்பது தெரிந்திருக்கும். ஒருவரைச் சோதிப்பதோடு நிற்காமல், அவரைப் பரிந்துரைப்பவரையும் அதே கண்ணோடு பாருங்கள். அவசரப்படுத்தும் பரிந்துரையை இருமடங்கு ஐயத்தோடு பாருங்கள். நம்பிக்கைக்குரியவர் என்று முடிவு செய்த பிறகும், அவருக்குத் தேவையான அளவு உரிமையை மட்டும் கொடுத்து, செய்ததை இன்னொருவர் பார்க்கும்படி வையுங்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள்

ஆண்டில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, எந்தக் கணக்கிலும் உள்நுழையாத உலாவிச் சாளரத்தில் உங்கள் பெயரைத் தேடுங்கள். முன்பின் அறியாத ஒருவர் காண்பது அதைத்தான். உங்கள் பக்கத்தில் உள்ள ஒவ்வோர் இணைப்பையும் திறந்து, உடைந்திருப்பவற்றுக்குப் பதிலாக வேபேக் மெஷின் நகலைக் கொடுங்கள். உங்கள் பெயரில் போலிக் கணக்கைக் கண்டால், முதலில் முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிரதி எடுங்கள், பிறகு தளத்தில் ஆள்மாறாட்டப் புகார் கொடுங்கள், அதன்பின் உங்கள் பக்கத்தில் "என் கணக்குகள் இவை மட்டுமே" என்று தேதியிட்டு அறிவியுங்கள். போலிக் கணக்கோடு பொதுவெளியில் சண்டை போட்டால் அதற்குப் பார்வையாளர்கள்தான் கூடுவார்கள்.

பயன்படுத்தாத பழைய கணக்குகளை அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். பல தளங்களில், கைவிடப்பட்ட பயனர்பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியும். உங்களைச் சுட்டும் பழைய இணைப்புகள் எல்லாம் அன்றிலிருந்து அவரிடம் போய்ச் சேரும். கடவுச்சொல்லைப் புதுப்பித்து, "இங்கே இப்போது எழுதுவதில்லை, என்னைக் காண இந்த முகவரிக்கு வாருங்கள்" என்று ஒரு வரியை மேலே நிறுத்திவிட்டுக் கணக்கை அப்படியே விட்டு வையுங்கள்.